வளர்கிற பிள்ளைக்குத் துணி லூஸாகுமா?

ஏலம் முடிய இன்னும் ஐம்பது நொடி இருக்கும்போது அவள் அடுப்பை அணைத்துவிடுவாள். பால் பொங்க வந்தாலும் சரி, தாளிக்கிற கடுகு பாதி வெடித்திருந்தாலும் சரி, அந்த ஐம்பது நொடிக்கு வீட்டில் எல்லாம் நிற்க வேண்டும். செல்போனை உப்பு டப்பாவின் மேல் சாய்த்து வைத்து, ஒரு காலை நாற்காலியில் மடக்கிப் போட்டு, ஆள்காட்டி விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொள்வாள்.

“பேசாதீங்கக்கா. இப்போ ஒருத்தி வருவா பாருங்க.”

வருவாள். இருபது நொடி இருக்கையில் யாரோ ஒரு முகம் தெரியாத பெண் விலையை ஏற்றிவிடுவாள். “வந்துட்டா மகராசி! எங்கிருந்துதான் இவளுக்கு மூக்குல வேர்க்குமோ!” என்று பல்லைக் கடிப்பாள். கடிப்பாளே தவிர, விரலை அசைக்க மாட்டாள். ஏழு நொடி. ஆறு. அப்போதுதான் அந்த விரல் இறங்கும். எதிராளி சுதாரிப்பதற்குள் ஏலம் முடிந்திருக்கும். மூன்று வயதுப் பையனுக்கு ஒரு கம்பளிச் சட்டை, இரண்டு கால்சட்டை கிடைத்திருக்கும். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி அடுப்பைப் பற்ற வைப்பாள். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்.

எதிர் வீட்டில் குடியிருக்கிறாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. தைத்து வருகிற உருப்படிகளைத் திருப்பிப் போட்டு, நூல் பிரிந்திருக்கிறதா, காஜா நேராக இருக்கிறதா, இரண்டு கையும் ஒரே நீளமா என்று பார்த்து, தேறாததன் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பதினோரு வருடமாக அதே மேஜை. அளவெடுக்கிற டேப் கழுத்திலேயே கிடக்கும், காய்கறி வாங்கப் போகும்போதும் கழற்ற மறந்துவிடுவாள். அதனால் எங்கள் கட்டடத்தில் அவளுக்கு டேப்பு என்றே பெயர். அவளே போனை எடுத்து, “நான்தான் டேப்பு பேசறேன்” என்பாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். இது நடந்தபோது ஆறு வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பையன்.

அந்தப் பிள்ளைகளைப் பார்த்து நான் முதலில் தப்புக்கணக்குப் போட்டிருந்தேன். தையல் வெளியே தெரியாத கோட்டு, நல்ல கனமான பருத்திக் கவுன், சாயம் கொஞ்சமும் மங்காத ஜீன்ஸ். லிஃப்ட் ரிப்பேரில் இவ்வளவு வருமா என்று எனக்கு உள்ளூரப் பொருமல். ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன். படிக்கட்டில் நின்றுகொண்டு, மேல்மாடி கீழ்மாடி எல்லோர் காதிலும் விழும்படி, “எல்லாம் செகண்டுக்கா! ஏலத்துல எடுத்தது!” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய துணி வாங்குகிறவர்கள் உண்டு, எனக்கும் தெரியும். அதை இப்படித் தண்டோரா போட்டுச் சொல்கிறவளை அன்றுதான் பார்த்தேன்.

“அடுத்தவங்க பிள்ளை போட்டதைப் போட மனசு வருதா உனக்கு?”

“புதுத் துணி நாளைக்கு என்ன பண்ணும்னு யாருக்குக்கா தெரியும்? இது பத்து தடவை அடி வாங்கிட்டு அசையாம நிக்குது. பரீட்சை எழுதி பாஸான துணிக்கா இது.”

என் மானத்தை வாங்கியதும் உண்டு. அவள் பெண்ணின் பிறந்தநாளுக்குப் பெரிய கடையில் ஒரு கவுன் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் நன்றி சொன்னாள்; கை தன்பாட்டுக்கு அந்தக் கவுனை உள்வெளியாகத் திருப்பியது. “கோச்சுக்காதீங்கக்கா. இது மூணு தண்ணிக்குத் தாங்காது.” எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அந்த மாதக் கடைசியில் கவுன் அக்குளில் பிரிந்துவிட்டது. அதையும் எடுத்துக்கொண்டு வந்து என் கண் முன்னால் விரித்துக் காட்டிவிட்டுப் போனாள்!

விற்கிறவர்கள் எழுதுவதை அவள் படிக்கிற விதமே தனி. “‘ஒருமுறை மட்டுமே அணிந்தது’ன்னு போட்டிருந்தா ஒரு வருஷம் போட்டதுன்னு அர்த்தம். ‘அதிகம் போடவில்லை’ன்னா அந்தப் புள்ளைக்கு அது அரிச்சிருக்கு. ‘சின்னக் கறை இருக்கு’ன்னு எவ தானா எழுதறாளோ, அவகிட்ட கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்.” முட்டியை மடித்து வைத்துப் படம் எடுத்திருந்தால் அங்கே ஓட்டை. படம் மஞ்சளாக இருந்தால் வெள்ளைத் துணி பழுத்துவிட்டது. இடுப்புப் பட்டியின் உள்பக்கம் காட்டாத கால்சட்டையை அவள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. வீட்டில் நாய் உண்டா, சிகரெட் பிடிப்பவர் உண்டா, துணியை வெயிலில் காயப்போடுவீர்களா என்று கேள்விமேல் கேள்வி கேட்பாள். பெண் கொடுக்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

பார்சல் வந்தால் முதலில் மோந்து பார்ப்பாள். பிறகு தரையில் விரித்து, திருப்பிப் போட்டு, கழுத்து டேப்பை உருவி அளப்பாள். துணி மட்டுமல்ல, போட்ட பிள்ளையும் அவளுக்குத் தெரிந்துவிடும். “இவன் இடது கைக்காரன்க்கா. மை பூரா இந்தப் பக்கம்தான்.” “இந்தப் பொண்ணு பயந்த பொண்ணு. கை நுனியெல்லாம் கடிச்சே வச்சிருக்கு.” ஆரம்பத்தில் எனக்கு இது சுத்தப் பிதற்றலாகத்தான் தோன்றியது.

விற்கிறவர்களில் ஒருவர்மேல் மட்டும் அவளுக்குத் தனிப் பிரியம். ரெட்டைச்சடை என்ற பெயரில் விற்கிற ஒரு அம்மா. அந்த வீட்டுப் பெண்ணுக்கு டேப்புவின் பெண்ணைவிட ஒன்றரை வயது அதிகம். அதனால் அங்கே சிறியதாகிக் கழிகிற துணி இங்கே கச்சிதமாகப் பொருந்தும். நாலு வருடமாக இந்த வியாபாரம். “பார்சல் வந்தது, நன்றி” என்பதைத் தவிர இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அந்தக் குழந்தையின் சரித்திரமே டேப்புவிடம் இருந்தது. வலது முட்டி மட்டும் தேயும். ஐந்து வயதுவரை காலரைச் சப்புகிற பழக்கம். ஆறாம் வயதில் ஏதோ ஓட்டப் போட்டியில் சேர்ந்திருக்க வேண்டும், கால்சட்டையெல்லாம் திடீரென்று உள்தொடைப் பக்கம் தேய்ந்து வந்தது. “நம்ம ரெட்டைச்சடை பொண்ணு” என்றுதான் சொல்வாள், ஏதோ கூடப் பிறந்தவள் பிள்ளை மாதிரி.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, அவளுக்கு விடுமுறை நாள். காலை ஒன்பதரைக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் போன். முகத்தில் ஈயாடவில்லை.

“இதைப் படிங்கக்கா.”

படித்தேன். ரெட்டைச்சடை புதிதாகப் போட்டிருந்த விற்பனை. ‘பெண் குழந்தை ஜீன்ஸ் இரண்டு. நல்ல நிலையில் உள்ளன. மகளுக்கு லூஸாகிவிட்டதால் விற்கிறேன்.’

“நல்லாத்தானே இருக்கு? எடுத்துக்கோயேன்.”

“அக்கா, வளர்ற பிள்ளைக்குத் துணி லூஸாகுமா?”

எனக்குப் புரியவில்லை. முதலிலேயே பெரிதாக எடுத்திருப்பார்கள் என்றேன். அவள் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். இடுப்புப் பட்டிக்குள் ஓடுகிற எலாஸ்டிக்கைக் கடைசித் துளைவரை இழுத்துப் பித்தானில் மாட்டியிருந்தது. “பித்தான் தடம் பாருங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு தடவை இழுத்திருக்கா. கீழ பாருங்க, கால் மடிப்பைப் பிரிச்சு நீளம் விட்டிருக்கு. பொண்ணு உயரமாகுது, இடுப்பு சுருங்குது. நாலு வருஷமா எத்தனையோ பேர்கிட்ட வாங்கறேன். சின்னதாயிடுச்சு, பத்தல, குட்டையாயிடுச்சு, இதைத் தவிர ஒருத்தியும் எழுதினதில்ல.”

பிறகு ஓடிப்போய்ப் போன வாரம் வந்த பார்சலைக் கொண்டு வந்தாள். இரவில் போடுகிற சட்டை, கால்சட்டை ஜோடி மூன்று. சட்டை புதிது மாதிரி இருந்தது. கால்சட்டை அடித்துத் துவைத்து வெளுத்திருந்தது. அதற்கும் பிறகு ரெட்டைச்சடையின் பக்கத்தைத் திறந்தாள். அங்கே விற்றதோடு வாங்கியதும் தெரியும். அந்த மாதம் அந்த அம்மா வாங்கியது இரண்டே பொருள்: கட்டிலில் விரிக்கிற ரப்பர் ஷீட் ஒன்று, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று.

“ஏழரை வயசுப் பொண்ணுக்கா. நாலு வருஷத்துல ஒரு துணியில கறை பார்த்ததில்ல நான். இப்போ ரப்பர் ஷீட்டு எதுக்கு?”

“ஏதாவது பூச்சித் தொல்லையா இருக்கும். நீ ஏன் இப்படிப் பதறுற?” என்றேன்.

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “எனக்கு ஒரு தம்பி இருந்தான்க்கா. ஒன்பது வயசு. இப்படித்தான். பாத்திரத்தோட தூக்கித் தண்ணி குடிப்பான். படுக்கையை நனைப்பான், வெட்கப்பட்டு அழுவான். கால்சட்டை இடுப்புல நிக்கல. ‘பையன் உயரமாகறான், அதான் மெலியறான்’னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் கால்சட்டையைப் பிடிச்சுத் தைச்சுக் கொடுத்தேன். எனக்குப் பதிமூணு வயசு, அழகா தைக்கிறேன்னு அம்மாவுக்கு ஒரே பெருமை. மூணு தடவை தைச்சேன்க்கா. மூணாவது தடவை தைச்சதைப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன் வரவே இல்ல. சக்கரை நோயாம். குழந்தைக்கு அது வரும்னு எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது.”

ஆறு வருடமாக எதிரெதிர் வீடு. ஒருநாளும் அவள் இதைச் சொன்னதில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் காரியத்தைச் செய்துவிட்டாள். விற்பனைக்குக் கீழே வாங்குகிறவர்கள் கேள்வி கேட்கிற கட்டம் இருக்கும். நாய் உண்டா, வெயிலில் காயப்போடுவீர்களா என்றெல்லாம் அவள் கேட்கிற அதே கட்டம். அதில், ‘உங்கள் மகள் தண்ணீர் நிறையக் குடிக்கிறாளா? படுக்கையை நனைக்கிறாளா? மெலிந்துகொண்டே போகிறாளா? தயவுசெய்து இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சர்க்கரை பாருங்கள்’ என்று எழுதிவிட்டாள். அந்தக் கட்டத்தில் எழுதுவது ஏலம் பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தர் வீட்டுப் படுக்கை சமாசாரத்தை நடுத்தெருவில் கொட்டியது போலத்தான்.

“ஐயையோ! என்ன காரியம் பண்ணிட்ட!” என்று கத்தினேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ‘மற்றவர்களைப் பயமுறுத்தி விரட்டிவிட்டு மலிவாக வாங்க இப்படியும் ஒரு தந்திரமா? என் குழந்தையைப் பற்றி இப்படி எழுத உங்களுக்கு வெட்கமாக இல்லை?’ அதோடு அவளைப் பிளாக்கும் பண்ணிவிட்டார், புகாரும் கொடுத்துவிட்டார். அரை மணியில் ஏலம் நடத்துகிறவர்கள் அவள் கணக்கையே நிறுத்திவிட்டார்கள்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் சத்தம் கேட்டு வந்தார். போனை வாங்கிப் படித்தார். அவருக்கு வேர்த்துவிட்டது. “ஏம்மா, உனக்கு எதுக்கு இந்த வேலை? துணியைப் பார்த்து நோய் சொல்ல நீ என்ன டாக்டரா? நம்ம பொண்ணைப் பத்தி ஒருத்தி இப்படி எழுதினா நீ சும்மா இருப்பியா?” நியாயமான கேள்வி. நானும் அவர் பக்கம்தான் நின்றேன்.

டேப்பு குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் போன வாரத்துப் பார்சலின் உறையைத் தேடிக்கொண்டிருந்தாள். அனுப்பியவர் போன் நம்பர் அதில் இருந்தது. அவள் பெயரைக் கேட்டதும் அந்தப் பக்கம் இணைப்பைத் துண்டித்தார்கள். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. என்னிடம் கையை நீட்டினாள். “அக்கா, உங்க போனைக் குடுங்க.”

நான் யோசித்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதற்கு அர்த்தமில்லை. அந்த அம்மா போலீசுக்குப் போனால் என் நம்பர்தானே மாட்டும் என்று நின்றேன். வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். அவள் என் கையிலிருந்து பிடுங்கி, நம்பரை அடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஹலோ, யாரு?”

“வச்சுடாதீங்கம்மா. காலையில கேள்வி போட்டவதான் பேசறேன். எனக்கு விலை குறைக்க வேணாம், அந்தத் துணியே வேணாம்.”

“எவ்வளவு தைரியம் இருந்தா போன் பண்ணுவீங்க? என் பொண்ணு காய்ச்சல் வந்து எழுந்தா, மெலிஞ்சிருக்கா. இதைக் கேக்க நீங்க யாரு?”

“யாரும் இல்லம்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பாத்ரூம்ல, அவ போயிட்டு வந்த இடத்துல, எறும்பு மொய்க்குதா?”

அந்தப் பக்கம் எங்கோ டி.வி. ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

“ரெண்டு வாரமா எறும்பு மருந்து அடிச்சுக்கிட்டு இருக்கேன்.” குரல் மாறியிருந்தது.

“இப்போ என்ன பண்றா?”

“தூங்கறா. காலையில வாந்தி எடுத்தா. அப்புறம் படுத்தவதான்.”

“எழுப்புங்க! தூக்கிட்டு ஓடுங்க! சக்கரை பாருங்கன்னு சொல்லுங்கம்மா, உள்ள போனதும் அதைத்தான் முதல்ல சொல்லணும், சக்கரைன்னு சொல்லுங்க!” அவள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக் கதவு திறந்தது. இணைப்பு அறுந்தது.

அன்றைக்கு அவள் கணவர் வேலைக்குப் போகவில்லை. திட்டிய மனிதர், அவள் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகளுக்கு நான்தான் சோறு போட்டேன். அவள் தண்ணீர்கூடத் தொடவில்லை. “நான் பைத்தியக்காரியா இருந்துட்டா நல்லதுக்கா. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லாம, அவங்கம்மா வந்து என்னை அறைஞ்சுட்டுப் போனா நல்லது” என்று இரண்டு தடவை சொன்னாள்.

நாலரை மணிக்கு என் போன் அடித்தது. ஆண் குரல்.

“காலையில இந்த நம்பர்ல இருந்து என் மனைவிகிட்ட பேசினது…” மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். “பொண்ணு ஐ.சி.யூ.ல இருக்கா. சக்கரை மீட்டர்லயே காட்டலையாம், அவ்வளவு ஏறியிருக்கு. நாளைக்குக் கொண்டு வந்திருந்தா எங்க கையில இல்லைன்னு சொல்லிட்டாங்க. யார் உங்களுக்குச் சொன்னதுன்னு டாக்டர் கேக்கறார். நான் யாருன்னு சொல்றது?”

போனை அவளிடம் நீட்டினேன்.

“கண்ணு முழிச்சாளா?” என்று கேட்டாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில், “உங்ககிட்ட துணி வாங்கறவங்கன்னு சொல்லுங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்புறம் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தை மீறிக் கேட்டது. நான் அவள் கணவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். காலையில் நாங்கள் இருவரும் சேர்ந்து அவளைத் தடுத்துக்கொண்டிருந்தோமே என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது.

பெண் பிழைத்தாள். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. இனி ஆயுசு முழுக்க ஊசி, நேரத்துக்குச் சாப்பாடு, விரல் நுனியில் சோதனை. புகாரை அந்த அம்மாவே எழுதித் திரும்பப் பெற்றார். டேப்புவின் கணக்கும் திறந்தது, ஐம்பது நொடிக்கு அடுப்பு அணைவதும் மறுபடி ஆரம்பித்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வந்தார்கள், அம்மாவும் பெண்ணும். சடையெல்லாம் இல்லை, பெண்ணுக்குக் கழுத்தோடு வெட்டிய முடி. அந்த அம்மா, “நான் அன்னைக்கு உங்களை…” என்று ஆரம்பித்தார். வாய் ஓயாத நம்முடையவள் சோபா உறையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தாள். பெரியவர்கள் இப்படி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் மூன்றும் பத்தே நிமிடத்தில் ஒட்டிக்கொண்டன. படிக்கட்டில் ஏறி இறங்கிப் பிடிக்கிற விளையாட்டு. கட்டடமே அதிர்ந்தது.

அரை மணி கழித்து அந்தப் பெண் மூச்சு வாங்க உள்ளே ஓடி வந்து நின்றாள். முகமெல்லாம் வேர்வை.

“ஆண்ட்டி, தண்ணி.”

அறையில் யாரும் அசையவில்லை. அந்த அம்மா கைப்பையைத் திறந்த கையோடு அப்படியே இருந்தார். டேப்பு எழுந்துபோய் ஒரு பெரிய கண்ணாடி டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிக் கொண்டு வந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு அந்தக் குழந்தையின் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு மடக்கு. இரண்டு மடக்கு. மூன்று.

“போதும்.” டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பெண் மறுபடி படிக்கட்டுக்கு ஓடிவிட்டாள்.

டேப்பு அந்த டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முக்கால் டம்ளர் தண்ணீர் மிச்சம் இருந்தது. ஒரு சொட்டும் சிந்தாமல், அதை அந்த அம்மாவின் கண்ணுக்கு நேரே கொண்டுபோய்க் காட்டினாள்.